ஓடுகளை இறக்குவதற்கு முன்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய அம்மா, ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த ஒரு சிறு சபையின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஆலயம் நூறாண்டைக் கடந்தது. கல் சுவரும் மங்களூர் ஓடும் கொண்டது. மழைக்காலத்தில் இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. வடக்குச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. கோடையில் மாதம் இரண்டு லாரி தண்ணீர் விலைக்கு வாங்குகிறோம். இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு, 6,000 சதுர அடியில் 400 பேர் அமரக்கூடிய இரண்டு மாடிக் கான்கிரீட் ஆலயம், அதற்கு ஏ.சி. வசதி, வளாகம் முழுவதும் பேவர் பிளாக் என்று வரைபடம் தயாராகிவிட்டது. இரண்டு பலா மரங்களையும் ஒரு சில்வர் ஓக் மரத்தையும் வெட்ட வேண்டியிருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு 150 பேர் வருகிறோம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை நாள்களில் மட்டும் இடம் போதவில்லை. சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மாடியில் சோலார் தகடு போட்டால் அது நிறைவேறிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். மூத்த மூப்பர் ஒருவரோ, சுற்றுச்சூழல் அரசாங்கத்தின் வேலை, ஆத்தும ஆதாயமே சபையின் வேலை என்று சொல்லி, ‘மலையின்மேல் ஏறிப்போய், மரங்களை வெட்டிக்கொண்டுவந்து, ஆலயத்தைக் கட்டுங்கள்’ என்ற ஆகாய் தீர்க்கதரிசியின் வசனத்தைக் காட்டுகிறார். சபை இதில் ஏன் அக்கறை கொள்ள வேண்டும், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மூப்பர் காட்டிய வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். மலைமேல் வாழும் ஒரு சபைக்கு அந்த வசனம் எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அவர் அதைத் தம் வசதிக்காக எடுத்துக் காட்டுகிறார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஆகாயின் முதலாம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து முழுவதும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அங்கே ஆலயம் பாழாய்க் கிடக்கிறது. மக்களோ மச்சுப்பாவப்பட்ட, அதாவது பலகை வேய்ந்து அழகுபடுத்திய, தங்கள் சொந்த வீடுகளில் சுகமாக இருக்கிறார்கள். அந்தச் சுகத்தைத்தான் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். உங்கள் ஆலயம் பாழாய்க் கிடக்கவில்லை. இரண்டு இடங்களில் ஒழுகுகிறது, ஒரு சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. கொத்தனாரும் தச்சரும் சில வாரங்களில் சீர்செய்யக்கூடிய குறைகள் அவை. மேலும், அதே அதிகாரத்தின் பத்தாம் பதினோராம் வசனங்கள் வானம் பனியைப் பெய்யாமல் நின்றதையும், நிலத்தின்மேலும் மலைகளின்மேலும் வந்த வறட்சியையும் பற்றிப் பேசுகின்றன. ஆலயக் கட்டுமானத்தையும் மலையின் ஈரத்தையும் ஒரே மூச்சில் பேசுகிற அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிலமும் நீரும் சபைக்குப் புறம்பான பேச்சு என்று சொல்ல இயலாது என்பது என் பணிவான கருத்து.

மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தபோது அதைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ வைத்தார் என்று ஆதியாகமம் சொல்வதை ஒவ்வொரு அறுப்பின் பண்டிகையிலும் நாம் கேட்கிறோம். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் உங்கள் சபையாருக்கு அந்த இரண்டு சொற்களையும் விளக்க வேண்டியதில்லை. நிழல் மரத்தை மொட்டையடித்தால் காப்பிச் செடி என்ன ஆகும் என்பதை அறிந்த குடும்பங்கள் அவை. வாரம் முழுவதும் தோட்டத்தில் கைக்கொள்ளும் அந்த அறிவை, ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் விட எனக்கு வலுவாகத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. ஆலயத்தின் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை நம் மதில் சுவரோடு நின்றுவிடுவதில்லை. நீங்கள் மலைமேல் இருக்கிறீர்கள். உங்களிடமிருந்து வழிவது கீழே இருப்பவரின் கிணற்றுக்கோ, கீழே இருப்பவரின் வீட்டுக்குள்ளோ போகிறது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்துதான் சேலம் நகரின் ஊடாக ஓடுகிறது. மேலே மண்ணில் இறங்கித் தங்கும் நீர் கோடையில் ஊற்றாகக் கசியும். மண்ணில் இறங்க வழியில்லாத நீர் மழை நாளிலேயே வெள்ளமாக ஓடிவிடும். ‘உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக’ என்ற கட்டளையில் வரும் பிறன், உங்கள் வளாகத்துக்குக் கீழே 200 அடி தள்ளிக் குடியிருக்கும் அந்த வீட்டுக்காரர்தான். அவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்பது இங்கே பொருட்டே இல்லை. சபை எதைக் கட்டினாலும் அவரை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. இதன்பின் எழுதும் கணக்குகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் கணக்கு, இடிப்பதைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் இளைஞர்களும் ஒப்பந்தக்காரரும் ஒருசேரத் தவறவிட்டிருப்பது இதைத்தான். வீடு, மருத்துவமனை, அலுவலகம் போன்றவை நாள்தோறும் பயன்படுகின்றன; ஆகவே அவற்றில் மின்சாரச் செலவே பெரிதாக இருக்கும். ஆலயம் அப்படியன்று. ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, வாரநாள் ஜெபக்கூட்டம் என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் வாரத்தின் 168 மணி நேரத்தில் ஏறத்தாழ 8 மணி நேரமே அது திறந்திருக்கிறது. 12 மின்விசிறி, விளக்குகள், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு அதிகமாகப் போனால் 2 கிலோவாட் என்று வையுங்கள். வாரத்துக்கு 16 யூனிட், ஆண்டுக்கு 830 யூனிட் ஆகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, இப்போதுள்ள உங்கள் ஆலயம் ஆண்டு முழுவதும் எரிக்கும் மின்சாரத்தால் வெளியாவது 600 கிலோ அளவே.

இப்போது புதிய கட்டடத்தைப் பாருங்கள். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டு, 4 கிலோ கம்பி என்பது எந்த மேஸ்திரியும் வாய்க்கணக்காகச் சொல்லும் அளவு. 6,000 சதுர அடிக்கு 2,400 மூட்டை, அதாவது 120 டன் சிமெண்டு வேண்டும். கம்பி 24 டன். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமெண்டு ஆகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்து போகும் என்பது வேதியியல், எந்தத் தொழிற்சாலையின் திறமையாலும் மாற்ற முடியாதது. சூளையின் எரிபொருள் இதற்கு மேல். ஒரு டன் சிமெண்டுக்கு அரை டன் என்று குறைவாகவே வைத்தாலும் 60 டன் ஆகிறது. தாதுவிலிருந்து நிலக்கரி உலையில் எடுக்கும் எஃகுக்கு டன்னுக்கு 2 டன் அளவில் வெளியாகும். அது ஏறத்தாழ 48 டன். இரண்டும் சேர்ந்து நூறு டன்னைத் தாண்டுகின்றன. உங்கள் பழைய ஆலயம் இன்றுபோலவே மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டு இன்னும் 150 ஆண்டுகள் ஆராதனை நடத்தினாலும் அவ்வளவு வெளியாகாது. மணல், ஜல்லி, கிரானைட், இவற்றையெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி வரும் லாரிகளின் டீசல், இடித்த கழிவைக் கொட்டத் தேடும் பள்ளம் ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவே இல்லை.

நிற்கிற கட்டடத்தைக் காப்பாற்றுவதுதான் உங்கள் சபை செய்யக்கூடிய மிகப் பெரிய சுற்றுச்சூழல் பணி என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். இடித்துவிட்டுக் கட்டிய மாடியில் சோலார் தகடு வைப்பது இந்தக் கணக்கை ஈடுசெய்யாது. சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1 கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். சேலம் சமவெளியில் அது நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், மூடுபனி கவியும் உங்கள் ஊரில் அதைவிடக் குறையும். ஆலயத்துக்கு மின்சாரம் தேவைப்படுவது ஞாயிற்றுக்கிழமை. வெயிலோ வாரம் முழுவதும் அடிக்கிறது. ஆகவே ஆலயத்துக்கென்று தனியாகப் பெரிய அமைப்பு வாங்குவதைவிட, நாள்தோறும் மின்சாரம் செலவாகும், போதகர் குடியிருக்கும் குருமனையிலோ சபைப் பள்ளியிலோ 2 அல்லது 3 கிலோவாட் வைப்பது பொருத்தம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் வீடுகளுக்கு உரியது. ஆலயத்துக்கு அது பொருந்தாவிட்டாலும், சபையாரின் சொந்த வீடுகளுக்கு அதை எடுத்துச் சொல்லும் வேலையை இளைஞர் சங்கம் ஏற்கலாம். அதற்கு முன்பாக, 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகளை 30 வாட்டுக்குள் சுழலும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றுங்கள். புதிய மின்சாரம் தேடுவதைவிட இது மலிவு.

ஏ.சி.யைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறேன்: ஏற்காட்டில் அது தேவையே இல்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள்; சேலத்தில் 40 பாகை கொதிக்கும் சித்திரையிலும் உங்கள் ஊரில் 30-ஐத் தாண்டுவது அரிது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்து 100 வாட் அளவு வெப்பம் வெளியாகிறது. 400 பேர் என்றால் 40 கிலோவாட், அதை மட்டும் வெளியேற்றவே 11 டன் ஏ.சி. வேண்டும், கான்கிரீட் தளம் உறிஞ்சி உள்ளே விடும் வெயிலுக்கு அதற்கு மேலும் வேண்டும். பண்டிகை நாள்கள் மூன்றுக்காக மும்முனை இணைப்பையும் பெரிய ஜெனரேட்டரையும் ஆண்டு முழுவதும் சுமப்பது சிறு சபைக்குத் தகாது. உங்கள் முன்னோர் இந்த வெப்பத்துக்கு வழி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். உயர்ந்த கூரை, ஓடுகளின் இடைவெளி, கூரை முகட்டுக்கு அருகே முக்கோணச் சுவரில் பலகணி, இருபுறமும் நேருக்கு நேர் சன்னல். சூடான காற்று மேலே போய் வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே நுழையும். பல பழைய ஆலயங்களில் நான் கண்டிருப்பது, புறா வருகிறது என்று அந்தப் பலகணியை அட்டையாலோ செங்கல்லாலோ அடைத்திருப்பதுதான். உங்கள் ஆலயத்திலும் அப்படி அடைத்திருந்தால், அதைத் திறந்து கம்பிவலை பொருத்துங்கள்; வேறெதுவும் செய்வதற்கு முன் அடுத்த ஞாயிறே வித்தியாசம் தெரியும்.

மங்களூர் ஓட்டைப் பற்றி ஒரு செய்தியை உங்கள் மூப்பரிடம் சொல்லுங்கள். அந்த ஓட்டை இந்தியாவில் முதன்முதலில் தொழிற்சாலையில் செய்தது ஒரு மிஷன்: பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1865-இல் மங்களூரில் அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள், சபையில் சேர்ந்ததால் பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை தருவதும் அவர்களின் நோக்கமாக இருந்தது. ஆத்தும ஆதாயத்தையும் கட்டுமானத்தையும் எளியவரின் பிழைப்பையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. உங்கள் தலைக்கு மேல் இருப்பது அந்த மரபின் கூரை.

வடக்குச் சுவருக்கு வருகிறேன். கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசி, வெள்ளையடித்து வந்த காலம் வரைக்கும் அந்தச் சுவர் மூச்சு விட்டது. அடியில் ஏறிய ஈரம் வெயில் நாளில் பூச்சின் வழியே உலர்ந்துபோனது. பின்னால் யாரோ ஒரு நல்லெண்ணத்தில் அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் எமல்ஷன் பெயிண்டும் அடித்திருப்பார்கள் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே ஊகிக்கிறேன். அது வாயைக் கட்டிய மாதிரி. ஈரம் உள்ளே ஏறும், வெளியே வர வழியில்லாமல் உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு உதிரும். மறுபடியும் சிமெண்டு பூசினால் இன்னும் சில ஆண்டுகளில் மறுபடியும் உதிரும். முதலில் சுவருக்கு வெளியே தரை மட்டத்தைப் பாருங்கள். ஆண்டாண்டாக மண் சேர்ந்து, உள் தரையைவிட வெளித் தரை உயர்ந்திருக்கும். அந்த மண்ணை எடுத்து, சுவரோரமாக ஜல்லி நிரப்பிய ஓர் அடி அகலக் கால்வாய் வெட்டி, சரிவுப் பக்கம் நீரை வெளியேற்றுங்கள். பிறகு சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்; கோயில் திருப்பணிகளில் வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். சுண்ணாம்பும் சூளையில் வேகும்போது கரியமில வாயுவை விடுவதுதான், ஆனால் சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

கூரை ஒழுகுவதற்கு, உடைந்த ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் மாற்றி, கைமரங்களிலும் ரீப்பர்களிலும் கறையான் தின்றவற்றை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். எல்லா மரத்தையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லும் தச்சரிடம், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துச் சுண்ணாம்புக் குறி போடச் சொல்லுங்கள்.

அடுத்தது மழை. மேலிருந்து பார்த்தால் உங்கள் கூரை மூடும் இடம் 3,200 சதுர அடி, அதாவது 300 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டின் சரிவுப் பரப்பைக் கணக்கிடக் கூடாது, அது மூடும் தரைப் பரப்பையே எடுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது. சிந்தியதும் ஆவியானதும் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலே 3,60,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் முப்பது லாரி. இவ்வளவு நீர் தலைமேல் விழும் ஆலயம், கோடையில் மாதம் இரண்டு லாரித் தண்ணீர் வாங்குகிறது என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. முழுவதையும் சேமிக்க முடியாது, தேவையும் இல்லை. 25,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால், கோடை மழையிலும் வடகிழக்குப் பருவத்திலும் அது பலமுறை நிரம்பும். கழிவறைக்கும் தோட்டத்துக்கும் பாத்திரம் கழுவவும் அதுவே ஆகும். முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிட வேண்டும் என்பது மட்டும் விதி.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் சமவெளியில் போடும் உறிஞ்சு குழியை அப்படியே மலைச்சரிவில் போட்டுவிடாதீர்கள். தாங்குசுவரின் தலைமாட்டிலோ செங்குத்துச் சரிவின் விளிம்பிலோ நீரை மண்ணுக்குள் இறக்கினால், மண் கனத்துச் சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். உங்கள் இடத்தில் முதல் தேவை தொட்டி. தொட்டி வழிந்து வரும் நீருக்குக் கல் பதித்த வாய்க்கால். அதன்பின், சரிவு தணிந்த இடத்தில், மரங்களுக்கு நடுவே ஆழமில்லாத வரப்புகள். தாங்குசுவரில் நீர்க்கசிவுத் துளைகள் அடைபட்டிருந்தால் ஐப்பசிக்கு முன் ஒரு நாள் சிரமதானம் வைத்துக் குத்தி எடுத்துவிடுங்கள்.

பேவர் பிளாக்கைப் பற்றி எழுதும்போது என் தவறு ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், சேலம் நகரில் ஒரு சபையின் வளாகத்தை, சேறு மிதிக்காமல் வர வேண்டும் என்று கமிட்டியார் கேட்டதற்காக, மதிலோடு மதிலாகப் பேவர் பிளாக் பதித்துக் கொடுத்தேன். அடியில் கான்கிரீட்டும் போட்டோம். பிரதிஷ்டை நாளில் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த ஆண்டு ஐப்பசியில், வளாகத்து நீர் முழுவதும் வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, எதிர்ச் சந்தில் தாழ்வாக இருந்த இரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. அந்த வீட்டுப் பாட்டி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்ததை நான் நேரில் போய்ப் பார்த்தேன். முற்றத்து வேம்பு மூன்றாம் ஆண்டில் காய்ந்தது. நாங்கள் பாதிப் பரப்பைப் பெயர்த்தெடுத்தோம். ஆனால் வேம்பு திரும்பவில்லை. அதற்குப் பிறகு எந்த வளாகத்தை வரைந்தாலும் முதலில் மதிலுக்கு வெளியே போய், கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே வருகிறேன். உங்கள் வளாகத்தில் வாசலிலிருந்து ஆலயப் படிவரை ஆறடி அகலத்துக்கு, சக்கர நாற்காலி வரக்கூடிய சமனான கல் பாதை போடுங்கள். மற்ற இடங்களில் மண்ணும் புல்லும் இருக்கட்டும். வண்டி நிறுத்த ஜல்லி போதும்.

400 பேருக்கான இடம் நியாயமான தேவைதான். ஆனால் அது ஆண்டுக்கு மூன்று நாள் தேவை. பண்டிகை நாளில் இரண்டு ஆராதனை நடத்த முடியுமா என்று போதகரிடம் பேசிப் பாருங்கள். முடியாதென்றால், ஆலயத்தின் சரிவில்லாத பக்கத்தில் சுவரில்லாத அகன்ற தாழ்வாரம் ஒன்றை அதே ஓட்டுக் கூரையோடு இறக்குங்கள். நடுச் சுவரின் சன்னல்களில் சிலவற்றை மட்டும் கதவாக்கினால் தாழ்வாரத்தில் இருப்பவர்களுக்கும் பலிபீடம் தெரியும். எந்த வாசலைப் பெரிதாக்கலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் சொன்ன பிறகே கல்லைத் தொட வேண்டும். மற்ற நாள்களில் அதே தாழ்வாரம் ஓய்வுநாள் பள்ளிக்கும் அன்பின் விருந்துக்கும் ஆகும். பலா மரங்கள் அந்தத் தாழ்வாரத்துக்கு நிழல் தரும். அவற்றை வெட்டிவிட்டு ஏ.சி. பொருத்துவது எனக்கு எந்த வகையிலும் விளங்கவில்லை.

பழையது என்பதற்காகவே ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்பவள் அல்ல நான். அஸ்திவாரம் இறங்கி, சுவர் பிளந்து, உயிருக்கு ஆபத்து என்று பொறியாளர் எழுத்தில் கொடுத்தால், இடிக்கத்தான் வேண்டும். அப்போதும் ஜே.சி.பி.யைக் கொண்டு நொறுக்காமல், ஓடு, கைமரம், கதவு, சன்னல், கல் என்று ஒவ்வொன்றாக இறக்கி அடுக்குங்கள். ஐந்தப்பம் பகிர்ந்த பிறகு, ‘ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்’ என்று சொன்னவரின் ஆலயத்தில் அதுவே முறை. புதிதாகக் கட்டும் பகுதியில் அந்தக் கல்லே அஸ்திவாரமாகட்டும்; சிமெண்டு வேண்டிய இடத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. வகையை வாங்குங்கள், மேட்டூர் அனல் மின்நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சாம்பல் செங்கல்லும் இந்த மாவட்டத்தில் கிடைக்கிறது.

இது அந்நியக் கொள்கை என்று யாராவது சொன்னால், திருச்சபை இதை எவ்வளவு வெளிப்படையாக ஏற்றிருக்கிறது என்பதைக் காட்டலாம். கத்தோலிக்க சபையில் போப் பிரான்சிஸ் 2015-இல் ‘லௌதாத்தோ சி’ என்ற சுற்றுமடலையே இதற்காக எழுதினார். அதற்கும் முன்பே 2008-இல் வத்திக்கானில் ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரையில் சோலார் தகடுகள் ஏறின. இங்கிலாந்துத் திருச்சபை, 2030-க்குள் தன் நிகரக் கரிய வெளியேற்றத்தைச் சுழியாக்க 2020-இல் தீர்மானித்தது. அந்தத் திருச்சபையைச் சேர்ந்த, 1089-இல் கட்டத் தொடங்கிய குளோஸ்டர் பேராலயத்தின் கூரையில் 2016-இல் 150 தகடுகள் பொருத்தினார்கள். பேராலயத்தை இடிக்காமல், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், தரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாதபடி பொருத்தினார்கள் என்பதை உங்கள் ஒப்பந்தக்காரருக்குச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் ஊர்களில் கட்டவும், மண் வெட்டிச் சமன் செய்யவும் தனி அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955 முதலே சட்டம் இருக்கிறது. உங்கள் சர்வே எண் எதற்குள் வருகிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டறியுங்கள்.

இப்போதைக்கு வரைபடத்துக்குக் கையெழுத்திட வேண்டாம் என்று கமிட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண விவரம், கூரையின் நீள அகலம், வடக்குச் சுவரின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள் ஆகிய மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த பெருமழையன்று மூப்பரையும் இளைஞர் இருவரையும் அழைத்துக்கொண்டு, குடையோடு வளாகத்தைச் சுற்றி வந்து, கூரை நீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக மதிலைத் தாண்டுகிறது, தாண்டி யார் வீட்டுப் பக்கம் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். மழை விட்டபின் நான் மலையேறி வருகிறேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுவோம்.